ஷானி வீட்டுச் சம்பந்தி

உட்காருங்கள் தோழர், இப்படி உட்காருங்கள். துண்டு போட்டுப் பிடித்த இடம்தான், ஆனால் துண்டு என்னுடையது, எடுத்துக்கொள்கிறேன். அந்த முக்காலியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். கல்யாண வீடியோ எடுப்பவர், சரிதானே? நீங்கள் சொல்லவே வேண்டாம். எனக்கு ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். நாற்பத்தேழு வருடம் மேடையில் நின்றவன். கூட்டத்தில் எவன் போலீஸ், எவன் குடித்துவிட்டு வந்தவன், எவன் தணிகாசலம் அனுப்பி வைத்தவன் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன்.

குடியாத்தம்தானே? நானும் அங்கேதான். பதினொரு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு சின்ன வேலை. அது கிடக்கட்டும்.

என்னைத் தெரியவில்லையா? இளம்பரிதி. பீடித் தொழிலாளர் சங்கம் இளம்பரிதி. ஓ, நீங்கள் வெளியூரா? அதுதானே பார்த்தேன். நல்லதாகப் போயிற்று. நியாயத்தை வெளியூர்க்காரரிடம்தான் கேட்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஊரில் என் பெயர் இளம்பரிதி இல்லை. 'ஷானி சம்பந்தி'. டீக்கடையில் போய் நின்றால், "ஷானி சம்பந்திக்கு ஒரு ஸ்ட்ராங் டீ" என்று உள்ளே குரல் கொடுக்கிறான். ஏழு முறை சிறை சென்றவனுக்கு இது பட்டம். இந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். பள்ளிகொண்டா வருவதற்குள் முடித்துவிடுவேன்.

ஷானி என்பது அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஓர் இனம். ஓஹையோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது, அங்கே ஆற்றங்கரைகளில் வாழ்ந்தவர்கள். அவர்களில் டெகும்சே என்று ஒரு தலைவர். இவரைப் பற்றித் தமிழ்நாட்டில் முதன்முதலாகப் புத்தகம் எழுதியவன் நான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் அது பின்னால் எழுதியது.

எப்படி எழுதினேன்? எழுபத்தேழில் பீடிக் கம்பெனி வாசலில் மறியல். பசி. வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கினேன். தின்று முடித்துக் காகிதத்தைப் பிரித்தால், ஏதோ சிறு நூலின் ஓர் ஏடு. ஐந்தாம் பக்கம், ஆறாம் பக்கம். படித்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த ஏடு வேண்டுமே! இன்னொரு பொட்டலம் வாங்கினேன். ஏழு, எட்டு. இன்னொன்று. ஒன்பது, பத்து. நான்காவது பொட்டலத்தில் பதினொன்று, பன்னிரண்டு. அதோடு தீர்ந்தது. முதல் நான்கு பக்கத்தையும் கடைசி நான்கு பக்கத்தையும் வேறு யாரோ தின்றுவிட்டார்கள். அன்று முழுக்க எனக்கு வயிறு சரியில்லை. ஆனால் அறிவு கிடைத்தது.

அந்த எட்டுப் பக்கத்தில் டெகும்சே ஊர் ஊராகப் போகிறார். இனம் இனமாகப் போய்ச் சேர்க்கிறார். நிலம் எல்லோருக்கும் பொது, அதில் ஒரு கூட்டம் மட்டும் தனியாகக் கையெழுத்துப் போட்டு விற்பதற்கு உரிமை இல்லை என்கிறார். நம் சங்கத்துக்கு வேண்டியதும் அதுதானே? முதலாளியிடம் ஒருவன் மட்டும் தனியாகப் போய்ப் பேசக் கூடாது. பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி, 'அப்போது எதிரிப் படை ஆற்றைக் கடந்து' என்று நிற்கிறது. கடந்து என்ன ஆயிற்று? தெரியாது. கடலைக்காரனைக் கேட்டால் அவனுக்கும் தெரியாது.

நானே முடித்தேன். 'ஷானியரின் நிலப்போர்', பதினாறு பக்கம், விலை இருபத்தைந்து காசு. என் நூலில் ஷானியர் ஜெயித்தார்கள். டெகும்சேயை முதலமைச்சராகவே ஆக்கிவிட்டேன். பிறகென்ன தோழர், வேலைநிறுத்தத்தில் பன்னிரண்டு நாள் பட்டினி கிடக்கிறவனிடம் போய்த் தோற்ற கதையையா சொல்ல முடியும்? அன்றிலிருந்து குடியாத்தம் வட்டாரத்தில் பீடி சுற்றுகிற எல்லோருக்கும் ஷானியர் ஜெயித்தது தெரியும். நம் பெண்கள் இலை நறுக்கிக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லுவார்கள்.

அதன் ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. 'பொது நிலத்தை ஒருவன் விற்றாலும் செல்லாது, இன்னொருவன் வாங்கினாலும் செல்லாது.' கடலைப் பொட்டலத்தில் இல்லாதது, என் சொந்த வாக்கியம். மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அது வந்ததுதான் வினை.

சரி, குடும்பத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரே மகள். பெயர் புரட்சிக்கொடி, வீட்டில் கொடி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்குப் போனாள், எங்கே தெரியுமா? ஓஹையோவுக்கே! வரலாறு என்னைக் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து அவள் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒருத்தரப் புடிச்சிருக்குது. அமெரிக்கன்தான்."

நான் சாதி பார்க்கிறவன் இல்லை. சாதிச் சான்றிதழைத் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே கிழித்துப் போட்டவன். மூன்று நாள் கழித்து இன்னொரு நகல் வாங்கினேன், அது பள்ளிக்கூடத்துக்காக. ஆனாலும் பெண்ணைக் கொடுக்கும்போது யார், எவர், எந்தக் கொடிவழி என்று விசாரிக்காமல் கொடுத்துவிட முடியுமா? அது சாதி இல்லை, பொது அறிவு. அவள் என் மகள், என்னை அறிந்தவள்.

"அவங்க குடும்பத்துல ஒரு கொள்ளுப்பாட்டி ஷானி இளவரசியாம்ப்பா" என்றாள்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கே துண்டறிக்கை அடித்தேன். 'மாவீரர் டெகும்சேயின் வழித்தோன்றல் நம் வீட்டு மருமகன்!' அவள் ஷானி என்றுதான் சொன்னாள், டெகும்சே என்று சொல்லவில்லை. எல்லாம் ஒரு குடும்பம்தானே. ஊர் முழுக்க ஒட்டினேன். தணிகாசலம் வீட்டுச் சுவரில் மட்டும் மூன்று.

தணிகாசலம் யார் என்று சொல்லவில்லையே. தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவன். என்னோடு சங்கத்தில் இருந்து, எண்பத்தாறில் பிளந்துகொண்டு போனவன். "இளம்பரிதி சொல்ற ஷானி கத கடலப் பொட்டலத்துக் கத" என்று முப்பத்தைந்து வருடமாகப் பிரச்சாரம் செய்கிறான். உண்மைதான், ஆனால் பிரச்சாரம் என்ற எண்ணத்தோடு சொல்கிறான் பாருங்கள்.

போன வருடம் மகள் டிக்கெட் அனுப்பினாள். ஓஹையோ போனேன். சம்பந்தி பெயர் வெண்டல். ஆறரை அடி உயரம். டிராக்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீக நிலத்தில் மிச்சம் நான்கு ஏக்கர், சோளம் போட்டிருந்தார். நல்ல மனிதர். அதுதான் அவரிடம் இருக்கிற பெரிய குறை. பொய் சொல்ல வராது. மேடைக்கு லாயக்கில்லாத மனிதர்.

ஒரு நாள் அந்த ஊர் நூலகத்தில் கூட்டம். ஓக்லஹோமாவிலிருந்து ரூத் என்று ஒரு ஷானி அம்மையார் பேச வந்திருந்தார். உண்மையான ஷானி! நான் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி, சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அந்தம்மாள் அறுபது வயதிருக்கும், கண்ணாடி போட்டு, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தார். கேட்டால் டீச்சராகவே இருந்தவராம். வந்ததும் முதல் கேள்வி:

"இந்த அறையில் யாருக்கெல்லாம் ஒரு ஷானி இளவரசிப் பாட்டி?"

பதினொரு பேர் கை தூக்கினார்கள். வெண்டல் தூக்கினார். சம்பந்தி என்ற முறையில் நானும் தூக்கினேன்.

"எங்களில் இளவரசி என்று யாரும் கிடையாது" என்றார் ரூத். "இருந்தும் எத்தனை பேரப்பிள்ளைகள், பாருங்கள்!"

எல்லோரும் சிரித்தார்கள். தூக்கிய கையால் நான் தலையைச் சொறிந்துகொண்டேன். ஆனால் விடுகிற ஆளா? கேள்வி நேரத்தில் எழுந்து மைக்கைப் பிடித்தேன். மைக் கையில் வந்துவிட்டால் என்னை நிறுத்த முடியாது, அது என் மனைவி இருந்த காலத்திலேயே தெரிந்த விஷயம். என் நூலைப் பற்றிச் சொன்னேன். நான்கு பொட்டலத்தைச் சொன்னேன். ஷானியர் ஜெயித்ததையும், டெகும்சே முதலமைச்சர் ஆனதையும், அவர் பீடித் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்ததையும் சொன்னேன். கொடி வரிக்கு வரி மொழிபெயர்த்தாள். அவள் முகம் சிவந்துபோயிருந்தது, உணர்ச்சி.

ரூத் அம்மையார் சிரித்தார் தோழர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது எந்த ஊர்?"

"குடியாத்தம்."

"நாங்கள் ஜெயித்த ஊர் உலகத்தில் ஒன்றாவது இருக்கிறதே. நான் அங்கே குடிவந்துவிடட்டுமா?"

பிறகுதான் எனக்குக் கடைசி நான்கு பக்கம் கிடைத்தது. டெகும்சே போரில் விழுந்துவிட்டாராம். அதற்கு இருபது வருடம் கழித்து, ஓஹையோவில் மிச்சம் இருந்த ஷானியரையும் ஒப்பந்தம் என்று ஒரு காகிதத்தைக் காட்டிக் கிளப்பி, மேற்கே நடக்க வைத்துவிட்டார்களாம். வழியில் பலர் செத்தார்களாம். "ஆனால் நாங்கள் முடிந்துபோகவில்லை" என்றார் ரூத். "கதையைத்தான் முடித்துவிட்டார்கள்." இன்றைக்கும் ஓக்லஹோமாவில் ஷானியருக்கு மூன்று அரசுகள் இருக்கின்றனவாம். பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் வகுப்பு நடக்கிறதாம். வசந்த காலம் வந்தால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பந்து விளையாட்டாம். ஆண்கள் காலால் மட்டும்தான் ஆட வேண்டும், பெண்கள் பந்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடலாமாம். இது அநியாயம் என்று நான் எழுந்து சொன்னேன். பெண்கள்தான் எப்போதும் ஜெயிப்பார்கள் போலிருக்கிறது. கொடி என் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கடைசியாக வெண்டல் எழுந்தார். தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தம்மாள் கோபப்படவில்லை.

"நீங்கள் யாரையும் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது எளிது. உங்களை யார் சொந்தம் என்று சொல்கிறார்கள்? எந்த அத்தை உங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள்?" என்று கேட்டார்.

வெண்டல் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. "விடுங்கள் சம்பந்தி, எங்கள் ஊருக்கு வாருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்றேன். அப்படிச் சொன்ன வாயைத் தைத்திருக்க வேண்டும்.

என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குப் பொதுக்கூட்டம். சிறப்பு விருந்தினர் ஷானி வீரர் வெண்டல். ஊருக்குள் நெல்லூர்ப்பேட்டையில் நாற்பதடிக்குப் பேனர். ரூத் அம்மையார் தெளிவாகச் சொல்லியிருந்தார், சினிமாவில் காட்டுகிற பெரிய இறகுக் கிரீடமெல்லாம் வேறு இனத்தாருடையது, டெகும்சே காலத்து ஷானி ஆண்கள் துணியில் தலைப்பாகை கட்டியவர்கள் என்று. பேனர் கடைக்காரனிடம் அப்படியே சொன்னேன். அவன் போட்டுப் பார்த்தான்.

"தலைவரே, தலப்பாவோட பாத்தா கல்யாணத் தரகர் மாதிரி கீறாரு. ரெண்டு எறகு வெச்சிரலாமா?"

வரலாற்றுக்கு விரோதம்தான். ஆனாலும் தரகர் மாதிரி இருந்தால் கூட்டம் வராதே. சரி என்றேன். அவன் கம்ப்யூட்டரில் இருந்தது மயிலிறகு ஒன்றுதான். நாற்பதடி உயரத்தில் வெண்டல், தலையைச் சுற்றி மயிலிறகு. கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போன பெண்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்தி கற்பூரமே ஏற்றிவிட்டாள். பகுத்தறிவுக் கூட்டத்துக்கு வைத்த பேனர், தோழர்!

வெண்டல் வந்து இறங்கி, பேனரைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றார். கையில் ஒரு பழுப்பு உறை. "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று மூன்று தடவை ஆரம்பித்தார். "எல்லாவற்றையும் மேடையில் சொல்லுங்கள்" என்றேன். மேடையில் சொல்லிவிட்டார்.

மொழிபெயர்ப்பாளன் நான்தான். கொடிக்கு லீவு கிடைக்கவில்லை. என் ஆங்கிலம் துண்டறிக்கை ஆங்கிலம், ஆனாலும் புரியும். வெண்டல் உறையைப் பிரித்தார். மாவட்ட ஆபீஸில் தேடி எடுத்த பழைய பதிவுகளாம். மைக்கில் மெதுவாகச் சொன்னார்: தன் கொள்ளுப்பாட்டி ஷானி இல்லை, ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பன்றி வியாபாரியின் மகள். ஷானியரைக் கிளப்பிவிட்ட இரண்டாவது வருடம், அந்த நிலத்தை அரசாங்க ஏலத்தில் எடுத்தவர்தான் தன் முன்னோர். எடுத்த நிலத்தில் உறுத்தல் இல்லாமல் உட்கார்வதற்காகப் பின்னால் யாரோ ஓர் இளவரசிக் கதையை இட்டுக்கட்டியிருக்கிறார்கள். நான்கு தலைமுறையாக அதை நம்பிவிட்டோம், மன்னித்துவிடுங்கள்.

கீழே எழுநூறு பேர். முதல் வரிசையில் தணிகாசலம், கைகளைக் கட்டிக்கொண்டு. நீங்களே சொல்லுங்கள், என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

"தோழர்களே!" என்றேன். "சம்பந்தி கூறுகிறார்: என் முன்னோர் நிலத்தை மறக்கவில்லை! என் பாட்டி வீரமங்கை! பன்றி வேட்டையில் புலி!"

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கூரை இல்லை, ஷாமியானாதான். வெண்டல் திகைத்துப் போனார். பாட்டி பன்றி வியாபாரி மகள் என்றால் இந்த ஊரில் இவ்வளவு கைதட்டலா என்று.

தணிகாசலம் எழுந்தான். "தோழர், ஒரு சின்னத் திருத்தம்" என்று மேடை ஏறி, மைக்கை வாங்கினான். தந்தி ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவன் இல்லையா, மொழிபெயர்ப்பும் தந்தி மாதிரியே வந்தது.

"குடும்பக் கதை பொய். பாட்டி ஜெர்மன். தொழில் பன்றி. நிலம் ஷானியருடையது. ஏலத்தில் எடுத்தது. வருத்தம். வெண்டல்."

அவ்வளவுதான். போச்சு, இன்றோடு என் பொதுவாழ்வு முடிந்தது என்று நினைத்தேன். பிறகு யாரோ தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். என் நாற்பத்தேழு வருடத்தில் எனக்கு அப்படித் தட்டியதில்லை. உண்மையைச் சொன்னதற்காம்! உண்மையை யார் வேண்டுமானாலும் சொல்லலாமே தோழர், அதற்கு என்ன பயிற்சி வேண்டும்?

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கூட்டத்தில் பூங்காவனம் எழுந்தாள். பூங்காவனம் எங்கள் சங்கத்தின் தூண். காலனியிலிருந்து முதல்முதலாகக் கொடி பிடித்து வந்தவள். நான் சிறையிலிருந்து வரும்போதெல்லாம், "தலைவரே, நம்ம வூட்ல ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்று கூப்பிடுவாள். எனக்கு அப்போதெல்லாம் வயிறு சரியில்லாமல் இருந்தது. ஏழு தடவையும் சரியில்லை. மோர் மட்டும் வாங்கி வரச் சொல்லி வாசலில் நின்று குடித்தேன். சரி, அது வேறு விஷயம்.

அவள் நேராக வெண்டலைப் பார்த்துக் கேட்டாள். "துரை, நெலம் அவங்களுதுன்னு தெரிஞ்சிபோச்சில்ல. திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

தணிகாசலம் மொழிபெயர்த்தான். அந்தப் பக்கம் தந்தி இன்னும் வேகமாகப் போயிற்று. வெண்டல் தலையைக் குனிந்தார். "இல்லை. இன்னும் இல்லை" என்றார்.

"சரி, அவரு தூரத்து ஆளு" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "தலைவரே, உங்க மாந்தோப்பு?"

மின்வெட்டு என்று அறிவித்துக் கூட்டத்தை முடித்தேன். பக்கத்து டீக்கடையில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அதைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள்.

மாந்தோப்பு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை தோழர். ஒன்றரை ஏக்கர். வெள்ளைக்காரன் காலத்தில் காலனி மக்களுக்கென்று கொடுத்த நிலமாம். பஞ்சமி நிலம் என்கிறார்கள். அதை வேறு ஆட்களுக்கு விற்கக் கூடாது, விற்றாலும் செல்லாது என்று ஒரு விதியாம். எங்கள் தாத்தா பஞ்ச காலத்தில் இரண்டு மூட்டை கேழ்வரகு கொடுத்து வாங்கினார். பூங்காவனத்தின் முன்னோர் யாரோ கைநாட்டு வைத்திருக்கிறார். முறையாகத்தான் வாங்கினார். ஷானியர் விஷயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அது அமெரிக்கா, இது குடியாத்தம். அது சோளம், இது மாங்காய்.

வெண்டல் அடுத்த மூன்று நாளும் எங்கே சாப்பிட்டார் தெரியுமா? பூங்காவனம் வீட்டில். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. மூக்கில் தண்ணீர் வடிய வடிய மூன்று உருண்டை. தோப்புக்கு அவளே கூட்டிப் போய், "இது எங்க முப்பாட்டன் வெச்ச மரம்" என்று நடுவில் இருக்கிற பெரிய மரத்தைக் காட்டினாளாம். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றாராம். என் தோப்பில்!

ஊருக்குப் போனார். இரண்டு மாதத்தில் கொடியிடமிருந்து கடிதம். நான்கு ஏக்கரையும் ரூத் அம்மையாரின் மக்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம். இப்போது வருடம் ஒருமுறை ஷானியர் வேன் பிடித்து வந்து அங்கே பந்து விளையாடப் போகிறார்களாம். இவரையும் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்களாம், காலால் மட்டும். கடிதத்தின் அடியில் கொடி ஒரு வரி எழுதியிருந்தாள். 'அப்பா, பூங்காவனம் அக்கா இன்னும் உங்களைச் சாப்பிடக் கூப்பிடுறாங்களா?'

கூப்பிடவில்லை. நான் ஏன் பொய் சொல்ல வேண்டும். அவளுக்கு நேரமில்லை. கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை மனு நாளில் போய்க் கொடுத்திருக்கிறாள். மனுவோடு ஆதாரம் இணைத்திருக்கிறாள். என்ன ஆதாரம்? பத்திரமா, பட்டாவா? 'ஷானியரின் நிலப்போர்', இரண்டாம் பதிப்பு! ஏழாம் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு! 'பொது நிலத்தை ஒருவன் விற்றாலும் செல்லாது, இன்னொருவன் வாங்கினாலும் செல்லாது.' அந்தப் பிரதியில் 'போராளி பூங்காவனத்துக்கு அன்புடன்' என்று என் கையெழுத்து வேறு.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். நூலகத்துக்கு அனுப்பினேன், திருப்பி அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. என் நூலை ஓர் அரசு அலுவலகம் முத்திரை குத்தி, எண் போட்டு, கோப்பில் சேர்த்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. நகல் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

இன்று காலை வேலூரில் வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். "சார், எதிர்த்தரப்புக்கு வேற சாட்சியே வேணாம், உங்க புஸ்தகமே போதும்" என்கிறார். "முழுவதும் படித்தீர்களா?" என்று கேட்டேன். "ஒரே மூச்சில" என்றார். நல்ல வக்கீல். நம் வழக்கு நிற்காது என்கிறார், அது ஒன்றுதான் குறை.

ஆகவே தோழர், இன்றிலிருந்து அந்த வெண்டல் எனக்குச் சம்பந்தி இல்லை. அவர் ஷானியும் இல்லை, சம்பந்தியும் இல்லை. பள்ளிகொண்டா தாண்டியாயிற்றா? பாருங்கள், சொன்னபடி முடித்துவிட்டேன், கொஞ்சம்தான் பிசகு.

இந்தாருங்கள், பையில் ஒரு பழம் இருக்கிறது, சாப்பிடுங்கள். வக்கீலுக்குக் கொண்டுபோனதில் மிச்சம். அந்தப் பெரிய மரத்துப் பழம்தான். நார் இருக்கும், ஆனால் இந்த இனிப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. ஏன், வேண்டாமா? சர்க்கரை நோயா?

என்ன சொன்னீர்கள்?

வீடியோ எடுப்பவர் இல்லையா?

அப்படியென்றால் அந்த முக்காலி...

நில அளவை. ஓ. பதினொரு மணிக்கு. எந்த சர்வே எண்? ... ஆமாம். ஆமாம், அது என்னுடையதுதான். அதாவது, அந்த நோட்டீஸ் எனக்கு வந்ததுதான்.

நாற்பத்தேழு வருடம் கூட்டத்தைப் பார்த்தவன், பாருங்கள்.

பழத்தை வைத்துக்கொள்ளுங்கள். லஞ்சம் இல்லை. லஞ்ச ஒழிப்புக்காக ஒரு முறை உள்ளே போனவன் நான். முப்பாட்டன் வைத்த மரம், அதனால் கொடுத்தேன். யாருடைய முப்பாட்டன் என்றுதான் அங்கே போய்ப் பார்க்கப் போகிறீர்களே.

ஒன்று சொல்கிறேன். எங்கள் தாத்தாவின் பத்திரத்தை நேற்றுத்தான் முழுவதும் படித்தேன். கைநாட்டிலிருந்து ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் என்ன என்று அதில் இல்லை. முதல் நான்கு பக்கம் யாரிடம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் தோப்பு வாசலில் எட்டு மணியிலிருந்தே நிற்பாள். எல்லைக்கல் எது என்று அவளிடமே கேளுங்கள். நான் காட்டினால் தப்பாகக் காட்டுவேன், எனக்கு நடுவிலிருந்துதான் தெரியும்.

குடியாத்தம் பாலம் வந்துவிட்டது, எழுந்திருங்கள். முக்காலியை இப்படிக் கொடுங்கள், நான் தூக்கி வருகிறேன். பரவாயில்லை, கொடி பிடித்த தோள்தான். அறிக்கையில் என் நூலின் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள், 'நிலப்போர்' ஒரே சொல். கடைசியில் ஷானியர் ஜெயித்தார்கள் என்று முடிக்க வேண்டி வந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நானே ஒரு தடவை அப்படித்தானே எழுதினேன்.